ஆதாமின் பிள்ளைகளும் அளவுகோலும்: கிறித்தவம், பரிணாமம், சாதி



கிறித்தவ நம்பிக்கையும் பரிணாமக் கொள்கையும் என்று தலைப்பை அறிவித்ததுமே கேட்பவர் மனத்தில் ஒரு படம் வந்துவிடுகிறது. ஒரு பக்கம் பைபிளோடு பாதிரியார், மறுபக்கம் தாடியோடு டார்வின், நடுவில் ஒரு குரங்கு. 1860-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பிஷப் வில்பர்ஃபோர்ஸும் ஹக்ஸ்லியும் மோதியதும், 1925-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் பரிணாமம் கற்பித்ததற்காக ஸ்கோப்ஸ் என்ற பள்ளி ஆசிரியர்மீது வழக்கு நடந்ததும் அந்தப் படத்தின் புகழ்பெற்ற காட்சிகள். அதை அப்படியே கொண்டுவந்து திருநெல்வேலிச் சீமையில் மாட்டினால் சுவரில் நிற்காது. இங்கே எந்தச் சபையும் டார்வினை எதிர்த்து நீதிமன்றம் போகவில்லை. கோயிலுக்குள் யார் எங்கே உட்காருவது என்பதற்காகத்தான் போனார்கள்.

நம் மண்ணில் கேள்வி வேறு. மனிதன் குரங்கிலிருந்து வந்தானா, களிமண்ணிலிருந்து வந்தானா என்பது ஒடுக்கப்பட்டவர்களுக்கு இரண்டாம்பட்சம். யாரும் யாரும் ஒரே வழியில் வந்தார்கள் என்பதே முதற்கேள்வி. ஆதாம் ஏவாளிலிருந்து எல்லோரும் வந்தார்கள் என்கிறது ஆதியாகமம். எல்லா இனத்தாரும் ஓர் இரத்தம் என்று அத்தேனே பட்டணத்தில் பவுல் பேசியதாக அப்போஸ்தலர் நடபடிகளின் 17-ஆம் அதிகாரம் சொல்கிறது. 1859-இலும் 1871-இலும் வெளிவந்த டார்வினின் நூல்கள் வேறு வழியில் போய், மனித இனங்கள் எல்லாம் ஒரே மூதாதையிலிருந்து கிளைத்தவை என்ற முடிவுக்கு வந்தன. இந்த இரண்டு கதைகளும் பலவற்றில் ஒன்றையொன்று மறுக்கின்றன. ஆனால் கொடிவழி ஒன்றுதான் என்பதில் ஒத்துப்போகின்றன. இவற்றுக்கு எதிரே நிற்பது புருஷ சூக்தம். தலையில் ஒருவன், தோளில் ஒருவன், தொடையில் ஒருவன், பாதத்தில் ஒருவன். பஞ்சமருக்கு அந்த உடம்பில் பாதத்தில்கூட இடமில்லை.

அப்படியானால் ஆதாமும் டார்வினும் நம் பக்கம் என்று சொல்லிவிட்டு நான் இறங்கிவிடலாம். வரலாறு அவ்வளவு எளிதாக விடவில்லை. அந்த இரண்டு கதைகளும் சபை, கல்லூரி, அருங்காட்சியகம் என்னும் நிறுவனங்களின் கையால் வந்தன. அந்தக் கைகள் யாருக்கு எதைப் பரிமாறின, யாரைப் பந்தியில் வைத்தன, யாரை அளக்க மட்டும் அழைத்தன என்பதையே இன்று பேச விரும்புகிறேன்.

ஒரே இரத்தம், இரண்டு பந்தி

முதலில் சபை. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் தென்னிந்தியத் திருச்சபைகளுக்கு ஒரு சுற்றுமடல் அனுப்பினார். சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாக, முற்றாக ஒழிய வேண்டும் என்பது அதன் சாரம். அவருக்கு முன்பிருந்த ஹீபர் பிஷப் இவ்வளவு கண்டிப்பாக இருந்தவரல்லர். மடல் வாசிக்கப்பட்டதும் வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வெள்ளாளக் கிறித்தவர்கள் பெருந்தொகையாக எதிர்த்து நின்றார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் சாதி ஆசாரத்தில் புதிய மிஷனரிகள் கைவைப்பதை எதிர்த்து எழுதிவிட்டார். அவர் பாட்டுகளை இன்றும் நம் சபைகளில் பாடுகிறோம். பெரிய கவி, அதில் ஐயமில்லை. திருநெல்வேலியில் பிறந்த அந்தக் கவிக்கு ஆதாம் பொதுத் தகப்பன் என்பதில் தயக்கம் இருந்திருக்காது. திருவிருந்தில் கிண்ணம் எந்த வரிசையில் வரும் என்பதில்தான் தயக்கம்.

கத்தோலிக்கப் பக்கம் பார்க்க வேண்டுமானால் வடக்கன்குளத்துக்குப் போக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே கட்டப்பட்ட கோயில் கால்சட்டையைப் போல இரண்டு காலாகப் பிரிந்திருந்தது. பீடம் ஒன்று, நின்று வழிபடும் கூடம் இரண்டு, நடுவில் சுவர். வெள்ளாளர் முதலியோர் ஒரு காலில், நாடார்கள் மறு காலில். ஒரே கடவுளை இரண்டு கோணத்தில் பார்க்கும்படி கட்டடக்கலையே சாதிக்குப் பணிந்துபோன இடம் அது. 1910-இல் கௌசானல் அடிகளார் காலத்தில் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. வெள்ளாளர் தரப்பு வழக்குப் போட்டது. சென்னை உயர்நீதிமன்றம் வரை கொண்டுபோய்த் தோற்றது. ஆய்வாளர் ஆ. சிவசுப்பிரமணியன் இந்த வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார், மாணவர்கள் தேடிப் படியுங்கள். படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அந்த வழக்கில் வாதியும் தலித் இல்லை, பிரதிவாதியும் தலித் இல்லை.

இதற்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாத எவரையும் பட்டியல் சாதியாகக் கொள்ளக் கூடாது என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் முஸ்லிம்களும் இன்னும் வெளியேதான். கல்லறைத் தோட்டத்தில் சுவர் இருக்கிறது, பெண் எடுக்கையில் சாதி இருக்கிறது, பங்குப் பேரவையில் சாதி இருக்கிறது. ஞானஸ்நானத்தோடு சாதி போய்விடுகிறது என்று இந்த நாட்டில் முழு மனத்தோடு நம்புகிற ஒரே நிறுவனம் இந்திய அரசுதான் போலிருக்கிறது.

ஆயுதமாக வந்த அறிவியல்

இனி அறிவியல். தமிழில் நவீன அறிவியல் நூல்களின் தொடக்கத்தில் மிஷனரிகள் நிற்கிறார்கள். பாளையங்கோட்டையில் உழைத்த ரேனியஸ் 1832-இல் 'பூமி சாஸ்திரம்' வெளியிட்டார். யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டைச் செமினரியை நடத்திய அமெரிக்க மிஷனரி டேனியல் பூர் 1829-இல் ஒரு சந்திர கிரகணத்தை வைத்துப் பஞ்சாங்கக்காரரோடு மோதினார். பஞ்சாங்கம் சொன்ன கணக்கும் பூர் சொன்ன கணக்கும் வேறுபட்டன. கிரகணம் பூரின் கணக்குப்படி வந்தது. ஊரே வானத்தைப் பார்த்து நின்ற அந்த இரவில் மிஷனரிகள் நிரூபிக்க விரும்பியது வானியலை மட்டுமல்ல. புராணம் சொல்லும் உலகம் பொய்யென்றால் புராணம் சொல்லும் தெய்வமும் பொய் என்பதே அவர்கள் வாதம்.

ஆயுதம் கூர்மையானது, ஆனால் ஒரு பக்கமாகவே பிடிக்கப்பட்டது. அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் பூமியின் வயது ஆறாயிரம் ஆண்டு இல்லை, அதைவிட எத்தனையோ மடங்கு என்று நிலவியலாளர்கள் பாறை அடுக்குகளைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மேருமலையைத் தகர்த்த அந்த உளி நோவாவின் பேழைப் பக்கம் திரும்பவில்லை. திருப்பியவர்கள் நம்மவர்கள். சென்னை லௌகிக சங்கத்தார் 1882 முதல் 1888 வரை நடத்திய 'தத்துவ விவேசினி' வார இதழ் இந்துப் புராணத்தையும் பைபிளின் படைப்புக் கதையையும் ஒரே தராசில் நிறுத்தது. இங்கிலாந்தின் பிராட்லா போன்ற நாத்திகர்களோடு தொடர்பு வைத்துக்கொண்டு, மிஷனரிகளின் வாதத்தை மிஷனரிகளுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். நூறாண்டுக்கு மேல் மறக்கப்பட்டுக் கிடந்த அந்த இதழ்களை வீ. அரசு தொகுத்து வெளியிட்டபோதுதான், சுயமரியாதை இயக்கத்துக்கு அரை நூற்றாண்டு முன்பே தமிழில் இப்படி ஒரு மரபு இருந்தது என்பது பலருக்குத் தெரிய வந்தது.

ஆனால் இந்த அறிவுச் சண்டை நடந்த இடம் எது? வட்டுக்கோட்டையில் படித்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளாளர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியை வளர்த்த வில்லியம் மில்லர் 1862-இல் இங்கு வந்தவர். மேல்சாதி இளைஞர்களின் மனத்தில் கிறித்தவச் சிந்தனையை ஊட்டினால் அது கீழ்நோக்கி வடிந்து சமூகம் முழுவதையும் நனைக்கும் என்பது அவர் கொள்கை. அதனால் ஆய்வகமும் நூலகமும் யாருக்குப் போயின என்று சொல்ல வேண்டியதில்லை. அதே ஸ்காட்லாந்துச் சபையைச் சேர்ந்த இன்னொருவர், பெயரிலேயே ஆதாமை வைத்திருந்த ஆதாம் ஆண்ட்ரூ, செங்கல்பட்டுச் சேரிகளில் நிலத்துக்காக மன்றாடிக்கொண்டிருந்தார். அவரைப் போன்ற மிஷனரிகளின் மனுக்களும் ஆட்சியர் டிரெமென்கீரின் அறிக்கையும் சேர்ந்துதான் 1892-இன் பஞ்சமி நில ஆணைக்கு வழி போட்டன. அந்தக் கடனை நாம் மறக்கக் கூடாது. ஆனாலும் ஒரே சபைக்குள் வேலை எப்படிப் பிரிந்தது பாருங்கள். மேல்சாதிக்கு இயற்பியல். சேரிக்கு உபதேசியார், ஜெபக்கூடம், எழுத்து கூட்டிப் படிக்க ஓராசிரியர் பள்ளி, மிஞ்சினால் ஒரு காணி நிலம். மில்லரின் கல்லூரியில் ஊற்றிய தண்ணீர் எத்தனை தலைமுறை கழித்துச் சேரிக்கு வடிந்தது என்பதை இங்கே முதல் தலைமுறைப் பட்டதாரிகளாக உட்கார்ந்திருப்பவர்கள் சொல்லலாம்.

அளக்கப்பட்டவர்கள்

அறிவியல் சேரிக்கு வரவே இல்லை என்றும் சொல்ல முடியாது. வந்தது. கையில் இடுக்கிக் கருவியோடு வந்தது.

அதற்கு முன் கால்டுவெல்லைப் பார்த்துவிட வேண்டும், அவர் நம் பக்கத்துக்காரர். 1841 முதல் இடையன்குடியில் வாழ்ந்து அங்கேயே புதைக்கப்பட்டவர். 1849-இல் அவர் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி எழுதிய சிறுநூல், அவர்களை அறிவிலும் பண்பாட்டிலும் தாழ்ந்தவர்களாகக் காட்டியது. மீட்க வந்தவரே இழிவாக எழுதினார் என்று நாடார் சமூகம் கொதித்தது. மிஷனில் உபதேசியாராக இருந்த அருமைநாயகம் சட்டாம்பிள்ளை மிஷனரிகளைத் துறந்து 1857-இல் நாசரேத் அருகே பிரகாசபுரத்தில் தனிச் சபையே தொடங்கினார்; அந்தச் சிறுநூலை எதிர்த்துக் கடைசிவரை போராடினார். வெள்ளைக்காரர் எழுதிய மானுடவியலை, எழுதப்பட்டவர்களே எழுந்து மறுத்த முதல் நிகழ்ச்சிகளில் ஒன்று அது. நடந்தது நம் மாவட்டத்தில்.

அதே கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-இல் வந்தது. திருத்திய இரண்டாம் பதிப்பு 1875-இல். அதன் பின்னிணைப்பில் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு விவாதிக்கிறார்: பறையர்கள் திராவிடரா? அவர்கள் வேறு ஏதோ இனம், திராவிடருக்கு முன்னாலிருந்த பழங்குடி மிச்சம் என்ற கருத்து அப்போது உலவியது. கால்டுவெல் அதை ஏற்கவில்லை. தோற்றத்தில் தெரியும் வேறுபாட்டை வெயிலும் உழைப்பும் சோறும் விளக்கிவிடும், அதற்காகத் தனி இனம் ஒன்றைக் கற்பிக்கத் தேவையில்லை என்ற போக்கில் அவர் வாதம் போகிறது. ஓர் ஆதாமை நம்பிய பிஷப் இப்படி எழுதியதில் வியப்பில்லை. வியப்பு பிறகு வருகிறது. 1913-இல், அவர் இறந்து இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், வெளியான மூன்றாம் பதிப்பில் அந்தப் பகுதி இல்லை. பின்னால் சென்னைப் பல்கலைக்கழகம் அச்சிட்டதும் அந்தக் குறைந்த பதிப்பைத்தான். திராவிடம் என்ற சொல்லை அரசியலாக்கிய ஒரு நூற்றாண்டு முழுக்க, திராவிடருக்குள் பறையரும் உண்டு என்று வாதிட்ட பக்கங்கள் இல்லாத புத்தகமே மேடைகளில் போற்றப்பட்டது. 2008-இல் கவிதாசரண் 1875-ஆம் ஆண்டுப் பதிப்பை முழுமையாக மறு அச்சிட்ட பிறகுதான் இது பொதுவிவாதத்துக்கு வந்தது. பக்கங்களைக் குறைக்கத்தான் நீக்கினார்கள் என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. இருக்கட்டும். குறைக்க வேண்டும் என்றதும் கத்தரிக்கோல் எங்கே போகிறது என்பதும் ஒரு வரலாற்றுத் தரவுதான்.

இப்போது இடுக்கிக் கருவிக்கு வருவோம். ஹெர்பர்ட் ரிஸ்லி என்ற ஆங்கில அதிகாரி 1890-களில் சாதிக்கு அடிப்படை இனம்தான் என்று நிறுவப் புறப்பட்டார். மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வரும் எண் நாசிக் குறியீடு. எண் கூடக்கூடச் சாதியின் மதிப்புக் குறையும் என்பது அவர் கண்டதாகச் சொன்ன விதி. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன் இந்த அளவெடுப்பைத் தென்னாட்டில் ஊர் ஊராகச் செய்தார். அவருடைய ஏழு தொகுதி 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' 1909-இல் வந்தது. இன்றும் பல சாதிச் சங்கங்கள் தம் பெருமைக்கு மேற்கோள் எடுக்கும் புத்தகம். வயநாட்டுப் பணியர் பெண்கள் தன்னைக் கண்டதும் ஓடிவிட்டார்கள் என்று தர்ஸ்டனே எழுதுகிறார். தங்களில் நல்ல உடல்வாகு உள்ளவர்களைப் பாடம் செய்து சென்னை மியூசியத்தில் நிறுத்தப்போகிறான் இவன் என்று அவர்கள் நினைத்தார்களாம். அவருக்கு அது வேடிக்கை. பெண்கள் நினைத்ததில் தவறென்ன? மியூசியத்தில் பாடம் செய்த புலி நிற்கிறது, பாடம் செய்த பறவை நிற்கிறது. ஒருவர் அங்கிருந்து வந்து உங்கள் மண்டையை அளந்தால் வேறு என்ன தோன்றும்? தமிழில் பாடம் என்பதற்கு இரண்டு பொருள். நமக்கு ஒரு பொருள் மறுக்கப்பட்டபோது மற்றப் பொருள் காத்திருந்தது.

இது டார்வினின் அறிவியலா? அவர் பெயரைச் சொல்லித்தான் இவையெல்லாம் நடந்தன. ஆனால் டார்வினுக்கே பறவையைப் பாடம் செய்யக் கற்றுக்கொடுத்தவர் யார் தெரியுமா? ஜான் எட்மன்ஸ்டன். தென்னமெரிக்காவின் கயானாவில் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற கறுப்பர். 1826-இல் எடின்பரோவில், மருத்துவம் படிக்கப்போய்ப் பிடிக்காமல் திண்டாடிய பதினேழு வயது டார்வின் அவரிடம் காசு கொடுத்து, இரண்டு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். டார்வினின் தாய்வழித் தாத்தா வெட்ஜ்வுட், விலங்கிட்ட அடிமையின் உருவம் பொறித்த புகழ்பெற்ற பதக்கத்தைச் செய்து அடிமை ஒழிப்பு இயக்கத்துக்குக் கொடுத்தவர். அவர்கள் குடும்பம் முழுக்கக் கிறித்தவ அடிமை ஒழிப்பு மரபில் ஊறியது. மனித இனங்கள் தனித்தனியாகப் படைக்கப்பட்ட வெவ்வேறு உயிரினங்கள் என்று அகாசிஸ் போன்ற பெரும் விஞ்ஞானிகள் அமெரிக்காவில் அறிவியலின் பெயரால் சொன்ன காலம் அது. அடிமை முதலாளிகளுக்கு இனித்த அறிவியல். அதற்கு எதிராக டார்வின் ஒரே மூதாதை என்று நின்றார். நின்றவர் எல்லாவற்றிலும் நின்றாரா என்றால், இல்லை. 1871-ஆம் ஆண்டு நூலில் காட்டுமிராண்டிகள், நாகரிகர் என்ற படிவரிசை தாராளமாக இருக்கிறது. அவருடைய உறவினர் கால்டன் அந்தப் படியில் ஏறித்தான் 1883-இல் இனமேம்பாட்டியல் என்ற பேரிடருக்குப் பெயர் சூட்டினார். கிறித்தவத்துக்குள் இரண்டு குரல் இருந்ததைப் போலவே டார்வினியத்துக்குள்ளும் இரண்டு குரல் இருந்தது. எதை எடுத்துக்கொள்வது என்பதை யாரோ ஒருவர் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

எடுத்துக்கொண்டவர்கள்

இங்கேதான் பண்டிதர் அயோத்திதாசருடைய காலத்துக்கு வருகிறோம். 1898-இல் சாக்கிய பௌத்த சங்கம், 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்'. சாதிப் பாதிரிகளையும் சாதிக் கிறித்தவர்களையும் அவர் எவ்வளவு கடுமையாக எழுதினார் என்பது வாசகர்களுக்குத் தெரியும். அந்த எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுக்க, 1999-இல் வெளியிட்டது பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். ஏசுசபைக் கல்லூரி அது. தன்னைத் திட்டியவரையும் அச்சிட்டுக் கொடுத்த அந்தப் பெருந்தன்மையை வெளிப்படையாகவே பாராட்டுகிறேன்.

பண்டிதர் சாதியை வரலாற்றால் உடைத்தார். இழிவு பிறப்பில் வந்ததல்ல, தோற்கடிக்கப்பட்ட பௌத்தர்கள்மேல் சுமத்தப்பட்டது என்றார். அதே சென்னை பௌத்த வட்டத்தில், இயற்கை அறிவியலால் உடைக்க முயன்ற ஒருவர் இருந்தார். பேராசிரியர் பொ. லட்சுமி நரசு, 1861-இல் பிறந்து 1934-இல் மறைந்தவர். பிறப்பால் தலித் அல்லர். கிறித்தவக் கல்லூரியிலும் பிறகு பச்சையப்பன் கல்லூரியிலும் அறிவியல் கற்பித்தவர். மில்லரின் கல்லூரி மேலிருந்து கீழே கிறித்தவம் வடியும் என்று காத்திருந்தது. அங்கே அறிவியல் சொல்லித்தந்த ஒருவர் பௌத்தராகிச் சாதி எதிர்ப்பாளர்களோடு போய் உட்கார்ந்தார். வடிந்தது இதுதான்!

நரசுவின் 'பௌத்தத்தின் சாரம்' 1907-இல் வந்தது. ஆன்மா ஓர் உடலை விட்டு இன்னோர் உடலுக்குப் போகிறது என்பதை அவர் ஏற்கவில்லை. கர்மம் என்பதை உயிரியலின் மரபுரிமை, மனித குலத்தின் செயல்தொடர்ச்சி என்ற வழியில் விளக்கினார். இது ஏட்டுச் சர்ச்சை என்று கடந்துபோகாதீர்கள். நம் பாட்டன் பூட்டனிடம் சாணிப்பாலும் சவுக்கும் கொடுத்தபோது சொன்ன காரணம் என்ன? முன்வினை. ஆன்மா பயணம் போகவில்லை என்றால் முன்வினைக் கணக்கு யார் பெயரில் எழுதப்படும்? பேரேடு கிழிந்துவிடுகிறது. 1922-இல் அவர் எழுதிய சாதி பற்றிய ஆய்வுநூல், சாதிக்கு இன அடிப்படை என்ற ரிஸ்லி வகைக் கருத்தையும் எதிர்கொள்கிறது. பௌத்தம் எது என்பதில் பண்டிதர், நரசு, சிங்காரவேலர் மூவரும் ஒரே குரலில் பேசியவர்களல்லர், பிணக்கும் இருந்தது. பிணக்கு இருந்ததுதான் அந்த இயக்கம் உயிரோடிருந்ததற்குச் சான்று.

நரசுவின் அந்தப் புத்தகத்தை 1948-இல் தன் முன்னுரையோடு மறுபதிப்பாகக் கொண்டுவந்தவர் அண்ணல் அம்பேத்கர். அதே ஆண்டில் அவருடைய 'தீண்டப்படாதார்' நூலும் வந்தது. அதில் அவர் செய்த வேலையை நான் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. தீண்டாமைக்குக் காரணம் இன வேறுபாடு என்ற வாதத்தை எடுத்தார். அறிவியலே பொய், அளவெடுப்பே சூழ்ச்சி என்று தூக்கியெறிந்திருக்கலாம். எறியவில்லை. குரியே 1932-ஆம் ஆண்டு நூலில் தொகுத்த மூக்களவுகளை எடுத்து, பிராமணர் எண்ணையும் தீண்டப்படாதார் எண்ணையும் மாகாணம் மாகாணமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டு கூட்டமும் ஓரினம் என்று எண்கள் காட்டின. பிராமணர் ஆரியரென்றால் தீண்டப்படாதாரும் ஆரியர். பிராமணர் திராவிடரென்றால் இவர்களும் திராவிடர் என்பது அவர் முடிவு. யார் மூக்கை அளந்து ஏணி கட்டினார்களோ அவர்களுடைய அளவுகளைக் கொண்டே ஏணியைச் சாய்த்தார். 1936-இன் 'சாதி ஒழிப்பு' உரையிலும், சாதி இரத்தத் தூய்மையையும் நல்ல சந்ததியையும் காக்கிறது என்ற வாதத்துக்குப் பதில் இருக்கிறது. பஞ்சாபிப் பிராமணரும் பஞ்சாபிச் சமாரும் ஒரே வழியினர், சென்னைப் பிராமணரும் சென்னைப் பறையரும் ஒரே வழியினர் என்று அதில் வாதிடுகிறார்.

1916 மே 9 அன்று கொலம்பியாவில் வாசித்த கட்டுரையில் இருபத்தைந்து வயது அம்பேத்கர் சாதியின் உயிர்நாடி அகமணம் என்றார். கிட்டத்தட்ட நூறாண்டு கழித்து, 2013-இல், ஐதராபாத் சி.சி.எம்.பி.யும் ஹார்வர்டு ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த மரபணு ஆய்வு ஒன்று வெளியானது. ஏறத்தாழ 4,200 ஆண்டு முதல் 1,900 ஆண்டு முன்புவரை இந்த நிலப்பரப்பின் மக்கள்கூட்டங்கள் பரவலாகக் கலந்தன. பிறகு கலப்பு அருகி அகமணம் இறுகிவிட்டது என்பது அதன் முடிவு. கலந்த பின்புதான் கதவடைத்திருக்கிறார்கள். அண்ணல் சொன்னதை உயிரணு ஒப்புக்கொண்டது என்று மகிழலாம், ஆனால் எச்சரிக்கையாக மகிழுங்கள். இடுக்கிக் கருவி போய் எச்சில் குப்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான் மாற்றம். நம் தென்மாவட்டங்களில் ஆண்ட பரம்பரைச் சுவரொட்டி ஒட்டாத சாதி எது? நாளைக்கு டி.என்.ஏ. அறிக்கையையும் அதே சுவரில் ஒட்டுவார்கள். நம்மவர்களும் ஒட்டுவார்கள் என்பதுதான் என் கவலை.

பத்தாம் வகுப்பு

ஐரோப்பியச் சபைகள் டார்வினோடு ஒருவிதமாகச் சமாதானம் செய்துகொண்டன. 1950-இல் பன்னிரண்டாம் பயஸ் போப்பாண்டவர் உடலின் பரிணாமத்தைப் பற்றி ஆராயலாம் என்று இடம் கொடுத்தார். ஆனால் ஆதாம் பலர் என்று மட்டும் சொல்லக் கூடாது என்றார். 1996-இல் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் ஒரு கருதுகோள் என்பதற்கும் மேலானது என்றார். ஆகவே இன்றைக்கு இங்கே பரிணாமத்துக்கு ஆபத்து பெரும்பாலும் அந்தத் திசையிலிருந்து வரவில்லை. சில பெந்தெகொஸ்தே மேடைகளில் டார்வின் ஏச்சுக் கேட்கிறார், உண்மைதான். மேடை முடிந்ததும் அது முடிந்துவிடுகிறது. பாடத்திட்டத்தில் கைவைக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை.

அதிகாரம் இருந்தவர் பேசியது 2018 ஜனவரியில். ஒன்றியக் கல்வித்துறையின் இணை அமைச்சராக இருந்த சத்யபால் சிங், குரங்கு மனிதனானதை நம் முன்னோர் யாரும் கண்டதாகச் சொல்லவில்லை, டார்வின் கொள்கை தவறு, பள்ளியில் மாற்ற வேண்டும் என்றார். அறிவியலாளர்கள் எதிர்த்தார்கள். ஐந்தாண்டுக்குள் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் 'மரபுவழியும் பரிணாமமும்' என்றிருந்த பாடம் 'மரபுவழி' என்று சுருங்கியது. பாடச்சுமை குறைப்பு என்று பெயர். 2023 ஏப்ரலில் 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டுக் கேட்டும் பாடம் திரும்பவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இருக்கிறதே என்கிறார்கள். பன்னிரண்டில் உயிரியல் எடுப்பவர் யார்? பத்தோடு நிற்பவர், ஐ.டி.ஐ. போகிறவர், வணிகவியலுக்குத் தள்ளப்படுபவர் எவரெவர்? அவர்கள் கடைசியாக உயிரியலைப் பார்க்கும் வகுப்பு பத்து. ஒரே மூதாதை என்ற செய்தி அந்த வாசலில் நிறுத்தப்படுகிறது. மில்லர் காலத்துப் பிரிவினை வேறு உடையில் வருகிறது. 1875 புத்தகத்தில் பட்ட கத்தரிக்கோலும் எனக்கு நினைவுக்கு வருகிறது.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' இன்னும் இருக்கிறது. இங்கே ஆசிரியர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள். அந்தப் பாடத்தைப் பொதுத்தேர்வு மதிப்பெண்ணுக்கு மட்டும் நடத்தி முடிக்காதீர்கள். டார்வினின் படத்தைக் காட்டும்போது ஜான் எட்மன்ஸ்டன் பெயரையும் கரும்பலகையில் எழுதுங்கள். புற்றுமண்ணைப் பிரசாதமாக வாங்கிப்போகும் இந்தச் சங்கரன்கோவிலில், டார்வினின் கடைசிப் புத்தகம் மண்புழுக்கள் மண்ணை எப்படி உண்டாக்குகின்றன என்பதைப் பற்றியது என்று சொன்னால் பிள்ளைகள் ஆர்வமாகவே கேட்பார்கள்.

கால்டுவெல்லின் 1875 பதிப்பிலுள்ள அந்தப் பின்னிணைப்பையும், அண்ணலின் நூலில் உள்ள நாசிக் குறியீட்டு அட்டவணைகளையும் படி எடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன். வாசல் பக்கத்து மேசையில் இருக்கின்றன. ஆங்கிலம் தடையாக இருப்பவர்களுக்கு வரிவரியாகத் தமிழில் சொல்ல, இரவுப் பேருந்து வரும்வரை நான் இங்கேதான் இருப்பேன்.